ரப்பர் பாயின் மேல் பார்த்த எடை

எழுதிப் பழக்கம் இல்லாதவள் எழுதியது இது. கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழ்த் தொடக்கப் பள்ளியில் ஆறு வருஷம் படித்ததோடு சரி. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் சந்தைச் சாமான் பட்டியலும், கடைசியில் கொஞ்ச காலம் மற்றவர்களுடைய உடம்பு எடையும்தான். ஞாபகமும் முன்னே மாதிரி இல்லை. எண்கள் மாறிப் போயிருக்கலாம், எந்த வாரம் எது என்பது தடுமாறலாம். நூலகத்தில் வயதானவர்களுக்கு நடக்கும் எழுத்து வகுப்பில் எல்லோரும் ஆளுக்கொன்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் எழுந்து வாசித்தார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் தாளை மடித்துக் கையில் கொடுத்துவிடுகிறேன்.

சிங்கப்பூர் ஜாலான் புசார் சாலையில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில், பெண்களுக்கு மட்டும் என்று உடம்பு இளைக்கும் நிலையம் ஒன்று இருந்தது. கீழே குழாயும் ஆணியும் விற்கும் கடை. என் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம் என்பதால் அங்கே கூட்டித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி ஒரு சின்னப் பெண், முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. சேர்ந்த அன்று என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தவர், அட்டையையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஆன்ட்டி, இது நீங்களா? வேற யாரோ மாதிரி இருக்கு."

அட்டையில் இருந்தது ஐம்பத்தைந்து வயதில் எடுத்த படம். கழுத்தே தெரியாது. அதற்கு மூன்று வருஷம் கழித்து எனக்குச் சர்க்கரை வந்தது. பாலிகிளினிக்கில் ஒரு தாதி, கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான், "இப்படியே போனா காலுக்கு ஆபத்தும்மா" என்றார். அன்றிலிருந்து சோற்றை மூன்று கரண்டியிலிருந்து இரண்டாக்கினேன், பிறகு ஒன்றாக்கினேன். கோப்பியில் சீனியை நிறுத்தினேன். தினமும் காலையில் தேக்கா சந்தை வரை நடந்து போய், சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நடந்தே திரும்பினேன். இரண்டரை வருஷத்தில் பதினெட்டுக் கிலோ இறங்கியது. மாதக் கணக்குப் பார்த்தால் ஒரு கிலோகூடக் கிடையாது. சில மாதம் ஏறவும் செய்தது. இதைத்தான் முதலாளியிடம் சொன்னேன். அவர் காதில் விழுந்தது பதினெட்டு மட்டும்.

ஒரு மாதம் கழித்து மாடிப்படிச் சுவரில் பெரிய படம் ஒன்று ஒட்டியிருந்தது. இடது பக்கம் என் அடையாள அட்டை முகம், வலது பக்கம் நான் துடைப்பத்தோடு நிற்கும்போது அவர் கைபேசியில் எடுத்த முகம், துடைப்பம் மட்டும் வெட்டப்பட்டிருந்தது. கீழே ஆங்கிலத்தில் என்னவோ. எனக்கு ஆங்கிலம் வாசிக்க வராது, ஆனால் முப்பது என்ற எண் தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளையை ஒரு நாள் கூட்டிப் போய் வாசிக்கச் சொன்னேன். முப்பதே நாளில் புதிய நீங்கள் என்று போட்டிருக்கிறதாம்.

நான் முதலாளியிடம் போய் நின்றேன். "எனக்கு ரெண்டரை வருஷம் ஆச்சும்மா" என்றேன்.

"தெரியும் ஆன்ட்டி. அதுல நீங்க முப்பது நாள்ல இளைச்சீங்கன்னு போடலையே. ரெண்டும் வேற வேற லைன் லா" என்றார்.

நான் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அந்த வாரமே ஒரு கறுப்புச் சட்டை கொடுத்தார். முதுகில் ஆங்கில எழுத்து. கோச் என்று போட்டிருக்கிறது என்றார். இனிமேல் துடைப்பது பாதி நேரம், சாப்பாட்டு விஷயத்தில் வாடிக்கையாளர்களுக்குப் புத்தி சொல்வது பாதி நேரம். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லப் போனால், அந்தச் சட்டையை மற்ற துணிகளோடு போடாமல் தனியாகத் துவைத்துத் தனியாகக் காயப்போட்டேன். வாழ்நாள் முழுதும் பிறர் இடத்தைத் துடைத்தவளுக்கு முதுகில் ஒரு பட்டம் கிடைத்தால் என்ன செய்வாள். அந்த ஆசையையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் மற்றவர்கள் குற்றம் போலாகிவிடும்.

வேலை இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் வெறும் வயிற்றோடு வருவார்கள். மூலையில் இருக்கும் மெஷினில் ஏற்றி எடை பார்ப்பேன். ஆளுக்கொரு அட்டை உண்டு, அதில் எண்ணை எழுதுவேன். அட்டை அவர்கள் கையிலேயே இருக்கும். மற்ற நாட்களில் சாப்பிடுவதற்கு முன் தட்டைப் படம் எடுத்து எனக்கும் முதலாளிக்கும் கைபேசியில் அனுப்ப வேண்டும். நான் பார்த்துவிட்டு, சோறு கூட, காய் குறைச்சல் என்று குரல் பதிந்து அனுப்புவேன்.

அந்தப் படங்களைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம். தட்டில் ஒரே ஒரு தோசை இருக்கும். படத்தின் ஓரத்தில் இன்னொரு தட்டின் விளிம்பு தெரியும். அதிலிருந்து இரண்டு தோசை எட்டிப் பார்க்கும். கேட்டால், "அது வீட்டுக்காரருக்கு" என்பார்கள். வீட்டுக்காரர் அந்த நேரத்தில் வேலையில் இருப்பார். சோற்றைக் குறை என்றால் சப்பாத்தி ஆறு சாப்பிடுவார்கள். சப்பாத்தி சோறு இல்லையே என்பது அவர்கள் நியாயம். சீனியை விடு என்றால் தேனை ஊற்றுவார்கள். எலுமிச்சைச் சாறும் வெந்நீரும் குடித்துவிட்டால் முந்தின நாள் தின்ற கல்யாணச் சாப்பாடு கரைந்துவிடும் என்று படித்தவர்களே நம்பினார்கள். எந்தப் புதுப் பெண் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஒரு வாரத்துல எத்தனை கிலோ ஆன்ட்டி?" சர்க்கரை எத்தனை, ரத்தக் கொதிப்பு எத்தனை, படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

பாசிர் ரிஸிலிருந்து ஓர் அம்மா வருவார், ஐம்பது வயதிருக்கும், வாய் ஓயாது. எடை பார்த்த கையோடு தேக்காவுக்குப் போய்ப் பிரியாணி சாப்பிடுவார். ஒரு ஞாயிறு நானே பார்த்துவிட்டேன். என்னைக் கண்டதும் தட்டின் மேல் கைப்பையை வைத்து மறைத்தார்.

"ஆன்ட்டி, இன்னிக்கு எடை பார்த்தாச்சுல்ல. அடுத்த எடை அடுத்த ஞாயிறுதானே. நடுவுல ஆறு நாள் இருக்கு, பாவம், அந்தப் பிரியாணி எங்க போகும்."

"உங்க இடுப்புக்குத்தான் போகும்."

"போகட்டும். அங்க இடம் இருக்கு" என்று சிரித்தார்.

அவரிடம் எனக்குக் கோபம் வந்ததில்லை. அவருக்கு அவசரம் இல்லை. அவசரப்பட்டவர்களிடம்தான் எனக்குக் கசந்தது. மூன்று வாரம் வந்து மூன்று கிலோ இறங்கவில்லை என்றால் என் முகத்துக்கு நேரே, "உங்களுக்கு எப்படியோ இறங்கிடுச்சு, சொல்லித்தரத் தெரியலை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். போகிற வழியில் படியில் என் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். முதலாளி என்னைக் கூப்பிடுவார். "நெகட்டிவா பேசாதீங்க ஆன்ட்டி. மெதுவா, மெதுவான்னே சொல்றீங்க. மெதுவா இறங்க அவங்க வீட்லயே இருப்பாங்களே." நான் தலையாட்டிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொள்வேன். என் தலை அப்படிப்பட்டது. எதிரில் ஒருவர் கொஞ்சம் குரலை உயர்த்தினால் தானாக ஆடிவிடும்.

அந்தத் தலையாட்டலில்தான் இது தொடங்கியது.

சுவா சூ காங்கிலிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது வயது. மகளுக்குக் கல்யாணம் ஏழு வாரத்தில். எனக்குத் தங்கை வயது என்பதால் தங்கச்சி என்று கூப்பிட்டேன். அவர் என்னை அக்கா என்றார். சேரும்போது முதலாளி ஆங்கிலத் தாளில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். நோய் ஏதும் உண்டா, மாத்திரை ஏதும் உண்டா என்று கேட்டார். இருந்தால் டாக்டர் கடிதம் வேண்டும், வந்த பிறகுதான் சேர முடியும். தங்கச்சி மடியில் இருந்த கைப்பையைப் பார்த்தார். பிறகு "ஒண்ணும் இல்லை" என்றார். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். அப்போது அதற்கு அர்த்தம் தேடவில்லை.

எடை பார்க்கக் கூட்டிப் போனேன். வளையல்களைக் கழற்றினார், கைக்கடிகாரத்தைக் கழற்றினார், காதில் இருந்ததைக் கழற்றினார். கடைசியில் தாலிக்கொடியில் கை வைத்தார்.

"அதெல்லாம் வேணாம்மா" என்றேன்.

"எட்டுப் பவுன்க்கா. அரைக் கிலோவாவது வராது?"

"எட்டுப் பவுன் அறுபத்து நாலு கிராம். இந்த மெஷின் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது."

அவர் சிரித்தார், ஆனாலும் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் ஏறினார். அங்கே வரும் கல்யாணமான பெண்களில் பாதிப் பேர் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மேசையில் நாலு தாலிக்கொடி வரிசையாகக் கிடக்கும். எது யாருடையது என்று மாறிவிடக் கூடாதே என்று நான் ஒவ்வொன்றின் கீழும் அவரவர் அட்டையை வைப்பேன். தங்கச்சிக்கு மெஷின் எண்பத்தாறு புள்ளி இரண்டு கிலோ என்று காட்டியது. அட்டையின் முதல் வரியில் எழுதினேன்.

கைபேசியில் ஒரு படம் காட்டினார். மகளுடைய நிச்சயதார்த்தம். சோபாவில் பெண்ணும் மாப்பிள்ளையும், இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள். தங்கச்சியின் தலை மட்டும் சோபாவுக்குப் பின்னால் தெரிந்தது.

"போட்டோ எடுக்கிற தம்பி, ஆன்ட்டி நீங்க சோபாவுக்குப் பின்னாடி போயிடுங்க, அப்பதான் எல்லாரும் வருவாங்கன்னான். சம்பந்தியம்மா உடனே, ஆமா, அவங்க முன்னாடி நின்னா நாம எல்லாரும் வீட்டுக்குப் போயிட வேண்டியதுதான்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். என் பொண்ணும் சிரிச்சாக்கா."

கைபேசியை மூடிப் பையில் வைத்தார்.

"கல்யாணத்துல நான் முன்னாடி நிக்கணும். அவ்வளவுதான். முப்பது நாள்ல பத்துக் கிலோ வந்துடும்ல?"

கதவருகே முதலாளி நின்றுகொண்டிருந்தார். நான் தலையாட்டினேன்.

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. அவர் அனுப்பிய படங்களில் ஏமாற்று இல்லை. ஒரு கரண்டிச் சோறு, கீரை, மீன். இரண்டாவது ஞாயிறு பார்த்தபோது அரைக் கிலோவும் கொஞ்சமும் இறங்கியிருந்தது. எனக்கு அவ்வளவு வேகமாக இறங்கியதே இல்லை. ஆனால் அவர் முகம் தொங்கிப் போயிற்று. "இப்படியே போனா மூணு கிலோதானே வரும். மூணு கிலோ எந்தப் போட்டோவுல தெரியும்?" என்றார்.

மூன்றாவது ஞாயிறு மூலையில் குளிர்சாதனம் ஒழுகித் தரையெல்லாம் தண்ணீர். மெஷின் நனைந்துவிடக் கூடாதே என்று, உடற்பயிற்சிக்கு விரிக்கும் தடித்த ரப்பர் பாயைப் போட்டு அதன் மேல் வைத்தேன். சுவா சூ காங் தங்கச்சிதான் எப்போதும் முதல் ஆள், விடிந்ததும் ரயில் ஏறிவிடுவார். ஏறி நின்றார். எண்பத்திரண்டு புள்ளி மூன்று.

இரண்டு பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் இறங்கி என்னைக் கட்டிக்கொண்டார். என்னை யாரும் கட்டிக்கொள்வதில்லை. என் பிள்ளைகள்கூடக் காலைத் தொட்டுக் கும்பிடுவதோடு சரி. அவர் அழுதார். நான் அவர் முதுகைத் தட்டிக்கொண்டே அட்டையில் எண்ணை எழுதினேன். முதலாளி ஓடி வந்து அட்டையோடு அவரைப் படம் எடுத்தார். "பாத்தீங்களா ஆன்ட்டி, உங்க கைராசி" என்றார்.

அடுத்தது பாசிர் ரிஸ் அம்மா. அவருக்கும் இரண்டு கிலோவுக்கு மேல் குறைத்துக் காட்டியது.

"ஆன்ட்டி, மெஷினுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு. நேத்து நான் ரெண்டு கல்யாணத்துல சாப்பிட்டிருக்கேன்" என்றார்.

குனிந்து பார்த்தேன். மெஷினின் கால்கள் பாயில் அமுங்கி, அடித்தட்டு ரப்பரைத் தொட்டுக்கொண்டிருந்தது. கொஞ்சம் பாரத்தைப் பாயே தாங்கிக்கொள்கிறது. மெஷினைத் தூக்கிக் கொண்டுபோய் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் காய்ந்த தரையில் வைத்து அவரை மறுபடி ஏற்றினேன். போன வாரத்து எடையே வந்தது.

தங்கச்சி அப்போது பத்தடி தூரத்தில் ஜன்னலருகே நின்று மகளோடு கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். "எண்பத்தி ரெண்டுடி, எண்பத்தி ரெண்டு" என்று சொல்வது கேட்டது. ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் போதும். தங்கச்சி, வா, இங்க ஒரு தடவை ஏறிப் பாரு. இவ்வளவுதான். நான் கூப்பிடவில்லை. அவர் தாலிக்கொடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, எனக்குக் கையசைத்துவிட்டு இறங்கிப் போனார். அடுத்த வாரத்துக்குள் உண்மையாகவே குறைந்துவிடும், சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு வெறும் தரையில் வைத்த மெஷினில் ஏறினார். எண்பத்து நாலு புள்ளி ஆறு. உண்மையில் அவர் குறைந்திருந்தார். அட்டையின்படி ஏறியிருந்தார்.

"ஏறிடுச்சாக்கா?" என்று கேட்டார். அவர் உதடு வெளுத்திருந்தது. விரல்கள் நடுங்கின. அன்று ஐந்தாறு பெண்கள் வரிசையில் நின்றார்கள். முதலாளி அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"ரெண்டு கிலோவுக்கு மேல ஏறியிருக்கு. ஒரு வாரத்துல எப்படி? என்ன சாப்பிட்டீங்க? ஆன்ட்டி, நீங்கதானே கோச், கேளுங்க."

நாற்காலியில் தங்கச்சியின் கைப்பை திறந்து கிடந்தது. உள்ளே ஆரஞ்சு மிட்டாய்ப் பொட்டலம். பாதி தீர்ந்திருந்தது. நான் அதை எடுத்தேன்.

"இது என்னம்மா?"

"அது... சும்மாக்கா. தொண்டைக்கு."

பாசிர் ரிஸ் அம்மா, "தொண்டைக்கு ஆரஞ்சு மிட்டாயா? எனக்கும் அதே தொண்டைதான் தங்கச்சி. என்னுது பிரியாணி கேக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தங்கச்சியும் சிரித்தார். நிச்சயதார்த்தத்தில் எப்படிச் சிரித்திருப்பார் என்று அன்றுதான் பார்த்தேன்.

"இதாலதான் ஏறியிருக்கு" என்று நான் சொன்னேன்.

எனக்குப் பாயைப் பற்றித் தெரியும். தெரிந்துகொண்டேதான் சொன்னேன். இன்னொன்றும் உண்டு. அலமாரிக்குள் இருந்த என் கைப்பையிலும் அதே மாதிரி மிட்டாய் இருந்தது. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சாப்பாடு தவறினால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். உடனே இனிப்புப் போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டை விட்டு இறங்கினால் பையில் மிட்டாய் இருக்க வேண்டும் என்று பாலிகிளினிக்கில் எனக்குச் சொல்லியிருந்தார்கள். வெளுத்த உதட்டையும் நடுங்கும் விரலையும் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் நாள் அவர் ஏன் கைப்பையைப் பார்த்தார் என்றும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அது கையிலேயே கிடைத்தது.

பொட்டலத்தை என் மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன். "கல்யாணம் முடியட்டும், திருப்பித் தர்றேன்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

அந்த வாரம் அவரிடமிருந்து வந்த படங்கள் இன்னும் என் கைபேசியில் இருக்கின்றன. திங்கட்கிழமை அரை ஆப்பிள். செவ்வாய் ஒரு குவளை வெந்நீர், அதில் எலுமிச்சைத் துண்டு. புதன்கிழமை வெறும் தட்டு. கழுவித் துடைத்த தட்டைப் படம் எடுத்து, "இன்னிக்கு இதுதான்க்கா" என்று சிரித்துக்கொண்டே குரல் பதிந்திருந்தார். முதலாளி அதற்கு மூன்று நட்சத்திரம் போட்டார். நான் பொத்தானை அழுத்திக்கொண்டு, தங்கச்சி, சாப்பிடாம இருக்காதே, அன்னிக்கு மெஷின்தான் தப்பு என்று பேசினேன். பேசியதை ஒருமுறை கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அழித்துவிட்டு, "கவனம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

ஐந்தாவது ஞாயிறு எண்பத்தொன்று புள்ளி ஒன்பது. இது தரையில் பார்த்தது, உண்மையான எண். முதலாளி கைதட்டினார். தங்கச்சி தாலிக்கொடியைப் போட்டுக்கொள்ளும்போது கொக்கி மாட்ட வரவில்லை, நான்தான் மாட்டிவிட்டேன். கழுத்து சில்லென்று ஈரமாக இருந்தது. பாசிர் ரிஸ் அம்மாவும் அவரும் சேர்ந்து ரயிலுக்கு இறங்கிப் போனார்கள்.

பத்து நிமிஷம் இருக்கும். என் கைபேசி அடித்தது. பாசிர் ரிஸ் அம்மா.

"ஆன்ட்டி, ஸ்டேஷன்ல எஸ்கலேட்டர்ல விழுந்துட்டாங்க. தலையில ரத்தம். தண்ணியா வேர்க்குது, என்னமோ உளர்றாங்க. என்னைப் பாத்து அம்மாங்கிறாங்க."

எனக்கு அப்போது எல்லாம் தெரிந்தது. இழுப்பறையைத் திறந்து மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினேன். என் முட்டிக்கு ஓட வராது. என்ன ஓட்டம் ஓடினாலும் நடைதான். நான் போய்ச் சேரும்போது ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து விரலில் குத்திச் சர்க்கரை பார்த்துவிட்டு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன்.

நானும் பாசிர் ரிஸ் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே தங்கச்சியின் மகள் வந்தார். கல்யாணப் பெண். மருதாணி வைக்கும் தேதிகூடக் குறித்தாயிற்று என்று தங்கச்சி முந்தின வாரம் சொல்லியிருந்தார்.

"அம்மாவுக்கு சுகர் இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா ஆன்ட்டி? மாத்திரை போட்டுட்டு சாப்பிடாம இருந்திருக்காங்க. எப்பவும் பேக்ல ஸ்வீட் வச்சிருப்பாங்களே, இன்னிக்கு பேக்ல ஒண்ணுமே இல்ல."

அப்போது அவர் கண் என் கையில் போனது. ஆரஞ்சு மிட்டாய்ப் பொட்டலம் இன்னும் என் கையிலேயே இருந்தது.

"இது அம்மா வாங்கறது. உங்க கையில எப்படி?"

பாசிர் ரிஸ் அம்மா என்னைப் பார்த்தார். நான் பொட்டலத்தை மகள் கையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் கறுப்புச் சட்டையைத் துவைத்து, மடித்து, நிலையத்தின் கதவில் மாட்டிவிட்டு வேலையை விட்டேன். முதலாளி இரண்டு முறை கூப்பிட்டார். "நாம டாக்டர் லெட்டர் கேட்டோம்ல, நம்ம தப்பில்லை, பொய் சொன்னது அவங்கதான்" என்றார். இதற்கும் நான் மறுத்துப் பேசவில்லை.

தங்கச்சிக்கு மணிக்கட்டு முறிந்து, நெற்றியில் தையல். கல்யாணத்துக்கு எனக்கு முன்னமே பத்திரிகை வைத்திருந்தார். போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பாசிர் ரிஸ் அம்மா வந்து, "வாங்க ஆன்ட்டி, பின்னாடி நின்னு பாத்துட்டு வந்துடலாம்" என்று கூட்டிப் போனார். கோயில் மண்டபம் நிறையக் கூட்டம். மேடையில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தங்கச்சியை முன்வரிசையில் நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். கட்டுப் போட்ட கையைப் பட்டுப் புடவை முந்தானையால் மூடியிருந்தார்கள். அவருக்கு நிற்கத் தலை சுற்றியதாம். சம்பந்தியம்மாவே தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் தூணோரமாகத் திரும்பியபோது தங்கச்சி பார்த்துவிட்டார். ஒரு கையால் கூப்பிட்டார். போகாமல் இருக்க முடியவில்லை.

"சாப்பிடாமப் போகக் கூடாதுக்கா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க பேரைக் கெடுத்துட்டேன். நாலாவது வாரம் அந்த மிட்டாயத் தின்னு நானே ஏத்திக்கிட்டேன். இல்லாட்டி இப்படிப் பட்டினி கெடந்திருக்க வேண்டாம். மன்னிச்சிடுங்க" என்றார்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். மேளம் அடித்துக்கொண்டிருந்தது. நான் என்ன செய்தேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். தலையாட்டினேன்.

இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. போன மாதம் தேக்காவில் பாசிர் ரிஸ் அம்மாவைப் பார்த்தேன். கோப்பி குடித்துக்கொண்டே சொன்னார். தங்கச்சி இப்போது கைப்பையில் மிட்டாய் வைப்பதே இல்லையாம். மகள் வைத்தாலும் எடுத்துப் போட்டுவிடுகிறாராம். நாலு மிட்டாய்க்கு ரெண்டு கிலோ ஏறின உடம்பு இது, எனக்குத் தெரியாதா என்கிறாராம். மாத்திரை அதே மாத்திரைதான். அவர் எண் என் கைபேசியில் இருக்கிறது. அழுத்துகிறேன், மணி அடிப்பதற்கு முன் அணைத்துவிடுகிறேன்.

இதைத் தட்டச்சு செய்யப் போகிற வகுப்புப் பிள்ளையிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பாசிர் ரிஸ் அம்மாவின் எண்ணைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அவர் மூலமாகத் தங்கச்சியைக் கேட்டு, அந்த எடை அட்டை இன்னும் அவரிடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேலே நான் எழுதிய எண்களில் தப்பு இருக்கலாம். முதல் வரி எண்பத்தாறு புள்ளி இரண்டா, ஐந்தாவது வரி எண்பத்தொன்று புள்ளி ஒன்பதா என்று சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். மூன்றாவது வரியைத் திருத்த வேண்டாம். அதில் என்ன எண் இருந்தாலும் அது ரப்பர் பாயின் மேல் பார்த்தது, பொய், அவர் உடம்பு ஏறவே இல்லை என்று அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். கைப்பையில் மிட்டாய் இருக்கிறதா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.